நிஷி கசாய் ஸ்டேஷனில் கற்ற பாடம்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஜப்பானுக்குப் போய்விட்டு வந்தவன் என்றதும் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மணி நேரம் பேசுங்கோ, புல்லட் ரயில் பத்திச் சொல்லுங்கோ" என்றார். புல்லட் ரயிலில் நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பேசப் போவது ஒரு சாதாரண லோகல் ஸ்டேஷனைப் பற்றி. பகல் வேளையில் ஓடும் ராபிட் வண்டிகள்கூட அங்கே நிற்பதில்லை, அப்படிப்பட்ட ஸ்டேஷன். அதன் பெயர் நிஷி கசாய். ‘நிஷி’ என்றால் மேற்கு. நம் பாஷையில் மேலக் கசாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

37 வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தவன் நான். 1976ல் சேர்ந்தேன், 2013ல் ஓய்வு. எந்த ஊருக்குப் போனாலும் கோயிலைப் பார்க்கிறேனோ இல்லையோ, ஸ்டேஷனைப் பார்ப்பேன். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் டோக்கியோவில் இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் பேத்தியைப் பார்க்க நாங்கள் இருவரும் போய் மூன்று மாதம் இருந்தோம். அவர்கள் குடியிருப்பிலிருந்து இந்த நிஷி கசாய் ஸ்டேஷன் எட்டு நிமிஷ நடை. எனக்குப் பொழுது போனது அங்கேதான். அங்கே ஒரு நாள், 45 வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் வெளியே வந்தது. அதையும் இன்று சொல்லப் போகிறேன். முதலில் ஸ்டேஷனைப் பார்ப்போம்.

டோக்கியோ நகரின் கிழக்குக் கோடியில் எதோகவா என்று ஒரு வட்டாரம். அதன் தென்பகுதிதான் கசாய். ஒரு காலத்தில் கடலோரக் கிராமம். மீன் பிடிப்பதும், ‘நோரி’ என்னும் கடற்பாசியை வளர்த்து உலர்த்தி விற்பதும்தான் அங்கத்திய ஜனங்களின் ஜீவனம். பிறகு தொழிற்சாலைகளுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி எடுத்ததில் பூமியே தாழ்ந்துவிட்டது. இன்று எதோகவா வட்டாரத்தில் சுமார் 70 சதவீத நிலம், கடலில் அலையேற்றம் இருக்கும்போது கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019ல் அந்த வட்டார நிர்வாகம் வெள்ள அபாயக் கையேடு ஒன்று வெளியிட்டது. அதன் அட்டையிலேயே, "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தார்கள்! பெருவெள்ளம் வரும் என்று தெரிந்தால் வட்டாரத்தை விட்டே கிளம்பிவிடுங்கள் என்று அர்த்தம். குடியிருப்பவர்களிடம் ஒரு நிர்வாகம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் பார்த்ததில்லை. இந்த வெளிப்படைத்தன்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த வழியாகப் போகும் பாதைக்கு தோசாய் லைன் என்று பெயர். ‘தோ’ கிழக்கு, ‘சாய்’ மேற்கு. டோக்கியோ மெட்ரோ நடத்தும் பாதை. 1964 டிசம்பரில் நகரின் நடுவே ஒரு சிறு பகுதியாக ஆரம்பித்து, 1969 மார்ச்சில் நிஷி ஃபுனபாஷி வரை நீட்டினார்கள். நகரத்துக்குள் பூமிக்கு அடியில் ஓடும் வண்டி, மினாமி சுனமாச்சி ஸ்டேஷனைத் தாண்டியதும் மேலே ஏறி, அரகாவா என்னும் அகலமான நதியைப் பாலத்தில் கடந்து, தூண்கள் மேல் கட்டிய பாதையில் ஓடுகிறது. பெயரளவில்தான் சுரங்க ரயில்.

1969ல் இந்த இடத்தில் ஸ்டேஷன் கிடையாது. கசாய் ஸ்டேஷன் மட்டும்தான். வண்டிகள் பத்து வருஷம் இங்கே நிற்காமல் போயின. கடலைத் தூர்த்து மேடாக்கி, அடுக்கு மாடிகள் எழும்பி, ஜனங்கள் வந்து சேர்ந்த பிறகு, இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே இதைச் செருகினார்கள். திறந்த நாள் 1979 அக்டோபர் 1. அந்த வருஷத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் அமைப்பு ரொம்ப எளிது. இரண்டு தண்டவாளம், இரு பக்கமும் ஒவ்வொரு பிளாட்பாரம். பாதைக்கு அடியிலேயே கடைகள். வெளியே இரு புறமும் பஸ் நிற்கும் திடல். கொரோனாவுக்கு முன்பு நாளொன்றுக்கு ஏறி இறங்குகிறவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். வண்டிக்குப் பத்துப் பெட்டி.

இனி நம்மவர்கள் சமாசாரம். நிஷி கசாயில் இறங்கி நடந்தால் ஹிந்தி கேட்கும், தெலுங்கு கேட்கும், தமிழும் கேட்கும். டோக்கியோ வட்டாரங்களிலேயே இந்தியர் அதிகம் வசிப்பது எதோகவாவில்தான். 1999, 2000ல் ‘ஒய்2கே’ என்று கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஒரு கண்டம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதைச் சரிசெய்ய நம் பையன்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்களுக்கு வேலை நிஹோன்பாஷி, கயாபாச்சோ, ஓதேமாச்சி பக்கத்துப் பாங்குகளிலும் கம்பெனிகளிலும். மூன்று இடமும் தோசாய் லைனில். நிஷி கசாயிலிருந்து கால் மணி நேரப் பயணம். வீடு கிடைப்பதுதான் கஷ்டம். அந்நிய தேசத்தானுக்கு ஜாமீன் யார் போடுவார்கள்? பொதுத் துறை அடுக்கு மாடிகளில் ஜாமீன்காரர் கேட்பதில்லை. அப்படிப்பட்ட குடியிருப்புகள் ஸ்டேஷனைச் சுற்றி நிறைய இருந்தன. 1979லிருந்தே அங்கே வசித்து வந்த ஓர் இந்தியத் தேயிலை வியாபாரி, வந்திறங்கிய பையன்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, சைவச் சாப்பாட்டுக்கும் வழி செய்தார் என்பது அங்கே எல்லோரும் அறிந்த கதை. 2019 ஏப்ரலில் நம் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த யோகேந்திர புராணிக், எதோகவா வட்டார சபைக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். ஒரு ஊர் எப்படி உண்டாகிறது பாருங்கள். ஒரு லோகல் ஸ்டேஷன், ஜாமீன் கேட்காத வீடு, உதவுகிற மனிதர் ஒருவர். அவ்வளவுதான்.

காலை ஏழரை மணிக்கு அந்த பிளாட்பாரத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் நெரிசலுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உட்கார இடமோ, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோ எல்லோருக்கும் கிடைத்தால் 100 சதவீதம். பேப்பரை மடித்துப் படிக்க முடிந்தால் 180. உடம்போடு உடம்பு நசுங்கினாலும் வாரப் பத்திரிகையை எப்படியோ படிக்க முடிந்தால் 200. கையையே அசைக்க முடியாவிட்டால் 250. தோசாய் லைனில் கிபா ஸ்டேஷனுக்கும் மோன்ஸென் நகாச்சோவுக்கும் நடுவே 2019 வரை 199 சதவீதம். ஜப்பானிலேயே மோசமான நெரிசல்களில் ஒன்று. 2020ல் கொரோனாவால் அது 123 ஆக இறங்கியது. இப்போது மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது.

இதைச் சமாளிக்க அவர்கள் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். சாதாரணமாக ரயில் கதவு 1.3 மீட்டர் அகலம். தோசாய் லைனுக்கு 1991லிருந்தே 1.8 மீட்டர் கதவு வைத்த பெட்டிகளை விட ஆரம்பித்தார்கள். ஒரு ஸ்டேஷனில் ஏறி இறங்க ஐந்து விநாடி மிச்சமானால், பின்னால் வரும் அத்தனை வண்டிக்கும் அது மிச்சம். ரயில்வேக்காரனுக்குத்தான் அந்த ஐந்து விநாடியின் அருமை தெரியும்.

2019 ஜனவரியில் ஒரு வேடிக்கை செய்தார்கள். நெரிசல் நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பி வருகிறவர்கள் 2,000 பேர் சேர்ந்தால் டெம்புரா பஜ்ஜி இலவசம். 2,500 சேர்ந்தால் ‘ஸோபா’ இலவசம். 3,000 சேர்ந்தால் இரண்டும் சேர்த்து இலவசம் என்று அறிவித்தார்கள். ஸோபா என்றால் உட்காரும் ஸோபா இல்லை. ஒரு வகைத் தானிய மாவில் செய்யும் சேமியா மாதிரி. பிள்ளை இதைச் சொன்னதும் என் ஆத்துக்காரி, "நாமளும் சீக்கிரமா கிளம்பிப் போயிருக்கலாமே!" என்றாள். அந்த ஸோபா மிதக்கும் சாறு காய்ந்த மீனைக் கொதிக்க வைத்து எடுத்தது என்று மாட்டுப்பெண் சொன்னதும் சத்தமே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் தினமும் ஒன்பதரை மணிக்கு மேல், கூட்டம் குறைந்த பிறகு, அடுத்த ஸ்டேஷனான கசாய்க்குப் போவேன். இரண்டு நிமிஷப் பயணம். அங்கே பாதைக்கு அடியிலேயே 1986லிருந்து சுரங்க ரயில் மியூசியம் நடத்துகிறார்கள். டிக்கெட் 180 யென். அதில் 10 யென் வரை லிஃப்டுக்கும் பிளாட்பாரத் தடுப்புக் கதவுக்கும் என்று 2023 மார்ச்சிலிருந்து வாங்குகிறார்கள். முடியாதவனுக்காக எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் பத்து யென். எனக்கு முழங்கால் வலி என்பதால், லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அந்த ஊர் ஜனங்களுக்கு மனதில் ஒரு நமஸ்காரம் போடுவேன்.

ஒரு நாள் இவளும் கூட வந்தாள். பிளாட்பாரத்தின் கோடியில் நின்றிருந்தோம். வண்டி வந்து நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இறங்கினான். இருபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக் கையுறை. விறைப்பாக நின்று, வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியைக் காட்டி ஏதோ சொன்னான். கதவுகள் மூடின. பெட்டிகளின் பக்கவாட்டில் எரிந்த சிவப்பு விளக்குகள் அணைந்தன. அதையும் விரலால் காட்டி ஏதோ சொன்னான். பிறகு டிரைவருக்கு மணி அடித்தான். வண்டி நகர்ந்தது.

"ஏன்னா, அந்தப் பையன் யாரோட பேசறான்? பக்கத்துல ஒருத்தரும் இல்லையே? தனக்குத் தானே கை நீட்டிண்டு என்னமோ சொல்றானே, பாவம்!" என்றாள் இவள்.

அதற்குப் பெயர் ‘ஷிசா கான்கோ’. சுட்டிக் காட்டிச் சொல்லுதல் என்று அர்த்தம். கண்ணால் பார்த்ததை விரலால் சுட்ட வேண்டும். சுட்டியதை வாயால் சொல்ல வேண்டும். சொன்னதைத் தன் காதே கேட்க வேண்டும். ஜப்பான் ரயில்வேயில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் பழக்கம். நீராவி எஞ்சின் காலத்தில் டிரைவர் சிக்னலைப் பார்த்துக் கூவ, ஃபயர்மேன் பதிலுக்குக் கூவுவதில் ஆரம்பித்தது. நம் ரயில்வேயிலும் டிரைவரும் உதவி டிரைவரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற விதி உண்டு. அவர்கள் அதை டிரைவரோடு நிறுத்தாமல் கார்டு, பிளாட்பாரத்து ஊழியர், ஒர்க்‌ஷாப் தொழிலாளி என்று எல்லோருக்கும் ஆக்கிவிட்டார்கள்.

இது வெறும் சடங்கா என்று கேட்கலாம். 1994ல் ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பரிசோதனை செய்து பார்த்தது. சுட்டாமல் சொல்லாமல் வேலை செய்தபோது நூற்றுக்கு 2.38 தவறு. சுட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38. ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! நியூயார்க் சுரங்க ரயிலில் 1996லிருந்து, வண்டி நின்றதும் கார்டு, எதிரே பிளாட்பாரத்தில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் சுட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி என்றால், கண்ணுக்கும் மனசுக்கும் நடுவே ஒரு திருட்டு வழி இருக்கிறது. தினமும் பார்ப்பதைக் கண் பார்ப்பதில்லை. மனசே "பார்த்தாச்சு" என்று சொல்லிவிடும். கையை நீட்டினால் கண் அந்தப் பக்கம் போயே ஆக வேண்டும்.

இதையெல்லாம் இவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தவன், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டேன். "என்னன்னா, என்ன ஆச்சு?" என்றாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று வண்டிகளை விட்டுவிட்டோம். 45 வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அவளிடம் அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன். கல்யாணத்துக்கு முந்தைய கதை. அவளுக்குக்கூடத் தெரியாது.

1979, மே மாதம். ஒற்றைப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். ஊர் பெயர் வேண்டாம். நான் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர், வயது 26. இரவு டியூட்டி. மெயின் லைனில் கூட்ஸ் வண்டி ஒன்று எதிர் வண்டிக்காக நின்றிருந்தது. வருகிற பாசஞ்சரை இரண்டாம் நம்பர் லைனில் வாங்க வேண்டும். முகூர்த்தக் காலம், வண்டி நிறைய ஜனம்.

சாயங்காலம் பாதை வேலை பார்த்த கேங் ஒரு ‘லாரி’யை அந்த இரண்டாம் லைனில் விட்டுவிட்டுப் போயிருந்தது. ரயில்வேயில் லாரி என்றால், தண்டவாளத்தின் மேல் கையால் தள்ளும் நாலு சக்கர வண்டி. அதன் மேல் ஸ்லீப்பர் கட்டைகள். அவர்கள் விட்டுப் போனது தப்புதான். ஆனால் வண்டியை வாங்குவதற்கு முன் அந்த லைன் காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டியது யார் கடமை? என் கடமை. விளக்கை எடுத்துக்கொண்டு பிளாட்பாரக் கோடிக்குப் போய் ஒரு பார்வை பார்க்க வேண்டும். எட்டு மணிக்குச் சார்ஜ் எடுத்தபோது புஸ்தகத்தில் ‘லைன் காலி’ என்று எழுதியிருந்தது. என் மனசும் ‘காலி’ என்றது. நான் எழுந்திருக்கவில்லை. சிக்னலை இறக்கிவிட்டேன்.

எங்கள் பாயின்ட்ஸ்மேன் வயசானவர். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. பாயின்ட்டைப் பூட்டப் போனவர், திரும்புமுன் விளக்கைத் தூக்கி லைனைப் பார்த்திருக்கிறார். யாரும் சொல்லாமல், அவராக. உடனே விளக்கைச் சிவப்புக்குத் திருப்பி வருகிற வண்டிக்கு எதிரே பிடித்துவிட்டார். இன்னொரு கையை லைன் பக்கம் நீட்டி, "சாப், தோ நம்பர் பே லாரி ஹை!" என்று அலறினார். நான் சிக்னலைத் திரும்பப் போட்டேன். வண்டி பாயின்ட் பக்கத்தில் கிறீச்சிட்டு நின்றது. லாரி அங்கிருந்து 200 மீட்டர் தள்ளி, இருட்டில்.

ஆட்களைக் கூப்பிட்டு லாரியைத் தள்ளி எடுத்தோம். பத்து நிமிஷம். வண்டி உள்ளே வந்தது. டிரைவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். "சிக்னல் கம்பி தகராறு" என்றேன். புஸ்தகத்திலும் அப்படியே எழுதினேன். மறுநாள் சிக்னல் மெயின்டெய்னருக்கு, கம்பியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று மெமோ போயிற்று. தப்பே செய்யாத மனிதன். பாயின்ட்ஸ்மேன் பெரியவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. "புது உத்தியோகம், சின்னப் பையன்" என்று நினைத்திருப்பார். அவர் அடுத்த வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். மெயின்டெய்னர் வேறு டிவிஷனுக்குப் போனார். ஒருவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. இன்னொருவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இருவருமே இன்று இல்லை.

அந்த அக்டோபரில்தான் நிஷி கசாய் ஸ்டேஷனைத் திறந்திருக்கிறார்கள். நான் 26 வயதில் செய்யாததை, அந்த வெள்ளைக் கையுறைப் பையன் ஒவ்வொரு ஸ்டேஷனிலும், பார்க்க ஆள் இல்லாத இடத்திலும் செய்துகொண்டிருந்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு இவள் கேட்டது ஒன்றே ஒன்று: "சரி, தப்புப் பண்ணினேள். ஏன் மறைச்சேள்?"

பயம். வேறென்ன? சஸ்பென்ஷன், விசாரணை, உத்தியோகம் போய்விடும், தங்கை கல்யாணம் நின்றுவிடும்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், "ஜப்பான்காரன் எல்லாம் தெய்வப் பிறவி, நாம் எல்லாம் மோசம்" என்று பேசிவிட்டுப் போன கணக்காகிவிடும். அது உண்மை இல்லை. இதே தோசாய் லைனில் 1978 பிப்ரவரி 28 அன்று, அரகாவா பாலத்தின் மேல் சுழல்காற்றில் சிக்கி ஒரு வண்டியின் இரண்டு பெட்டிகள் கவிழ்ந்தன. 20க்கும் மேற்பட்டோருக்குக் காயம். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அது காற்றின் செயல். 2005 ஏப்ரல் 25 அன்று ஓஸாகா அருகே அமகசாகியில் நடந்தது மனிதர்களின் செயல். 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில், சுமார் 116 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி தடம் புரண்டு ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில் மோதியது. 107 பேர் இறந்தார்கள். டிரைவரும் இறந்துபோனார். வயது 23.

காரணம் என்ன தெரியுமா? முந்தைய ஸ்டேஷனில் வண்டியை 72 மீட்டர் தாண்டி நிறுத்திவிட்டார். பின்னுக்குத் தள்ளி எடுத்ததில் ஒன்றேகால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் தாமதம். தாமதத்துக்கும் தவறுக்கும் அந்தக் கம்பெனியில் ‘மறு பயிற்சி’ என்ற பெயரில் அவமானப்படுத்தும் தண்டனை இருந்தது. டிரைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கார்டு, கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில், தாண்டியது 8 மீட்டர் என்று குறைத்துச் சொன்னார். அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததில் டிரைவரின் கவனம் சிதறி, பிரேக் போடத் தவறியிருக்கலாம் என்று விசாரணைக் கமிஷன் 2007ல் சொன்னது. அதே தேசம்தான். அதே கையுறை, அதே சுட்டு விரல்.

72 மீட்டர் 8 மீட்டர் ஆனதும், என் லாரி ‘சிக்னல் கம்பி’ ஆனதும் ஒன்றுதான். தண்டனைக்குப் பயந்தால் மனுஷன் தப்பை நிறுத்த மாட்டான்; மறைப்பான். நான் உள்ளபடி எழுதியிருந்தால், எனக்குத் தண்டனை கிடைத்திருக்கும். ஆனால் கேங் லாரியை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் மேலே தெரிந்திருக்கும். நாலு ஸ்டேஷன்காரர்கள் ஜாக்கிரதை ஆகியிருப்பார்கள். நான் எழுதியதால் ஒழுங்கான கம்பியைத்தான் ரிப்பேர் பார்த்தார்கள். "இங்கே இருக்கக் கூடாது" என்று தன் வட்டாரத்தைப் பற்றித் தானே அச்சடித்த அந்த எதோகவா கையேடு எனக்கு ஏன் பிடித்துப்போயிற்று என்று இப்போது புரிகிறதல்லவா?

ஆக, ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் கற்றது இரண்டு. முதலாவது, பார்த்தேன் என்று மனசு சொன்னால் நம்பாதே. கை நீட்டிப் பார். இரண்டாவது, தவறு நடந்தால் நடந்தபடி சொல். சொல்கிறவனைக் கடித்துக் குதறாதே. இரண்டும் சேர்ந்தால்தான் பலன். முதலாவதில் கெட்டிக்காரர்களாக இருந்தும், இரண்டாவது இல்லாமல் 107 உயிர் போயிற்று.

இது ரயில்வேக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் 65 தாண்டியவர்கள். "கேஸை மூடினேனா?" என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பாதவர் யார்? "காலைல பிரஷர் மாத்திரை போட்டுண்டேனா இல்லையா?" என்று இரண்டாம் தடவை போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்? ஊர் திரும்பியதிலிருந்து எங்கள் ஆத்தில் ஒரு பழக்கம். வெளியே கிளம்புமுன் இவள் அடுப்புக்கு முன்னால் நின்று, சிலிண்டர் வால்வை விரலால் காட்டி, "கேஸ் மூடியாச்சு" என்று உரக்கச் சொல்லுவாள். நான் பூட்டை இழுத்துப் பார்த்து, விரலால் காட்டி, "பூட்டியாச்சு" என்பேன். மாத்திரை டப்பாவில் கிழமையைத் தொட்டு, "புதன், காலை, போட்டாச்சு." எதிர் ஆத்து மாமி முதலில் சிரித்தாள். இப்போது அவளும் செய்கிறாள். காசு செலவில்லை. வெட்கம்தான் கொஞ்சம் செலவாகும்.

இரண்டாவது பாடம் கொஞ்சம் கஷ்டம். பேரன் பேத்திகள் கண்ணாடிப் பாத்திரத்தை உடைத்துவிட்டு வந்து சொன்னால், முதலில், "வந்து சொன்னியே, சமத்து" என்று சொல்லிப் பழகுங்கள். பாத்திரத்துக்கான திட்டு அப்புறம் இருக்கட்டும். நாமும் மறதியில் ஏதாவது செய்துவிட்டால் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுவோம். மறைத்ததை 45 வருஷம் சுமந்தவன் சொல்கிறேன், அது கனம் அதிகம்.

ஜூலையில் கிளம்புகிற அன்று, ஏர்போர்ட் போக நிஷி கசாயில்தான் ஏறினோம். வண்டி நகர்ந்ததும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதிர் பிளாட்பாரத்தில் வந்து நின்ற வண்டியிலிருந்து ஒரு கார்டு இறங்கி, கையை நீட்டிக் கோடியைச் சுட்டினான். எனக்கு அந்த இரவும், விளக்கு வெளிச்சத்தில் நீண்டிருந்த ஒரு கிழவரின் கையும்தான் தெரிந்தன. அவருக்குச் சொல்லாத நன்றியை இந்தச் சபையில் சொல்லிக்கொள்கிறேன். மெமோ வாங்கிய அந்த மெயின்டெய்னரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

காப்பி ரெடி என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ஹாலை விட்டுக் கிளம்புமுன் உங்கள் குடை, கண்ணாடி, செல்போன் மூன்றையும் விரலால் காட்டி ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள்.